விரல் நுனியும் வெறுங்காலும்: பாலே ஷூவை யார் தொடங்கினார்கள், யார் கழற்றினார்கள்?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. ஒரு பாலே கலைஞர், விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். கறுத்த நகமும் விரலுக்கு விரல் பிளாஸ்திரியும் உங்களைக் கலக்கிவிட்டன. இந்தக் கொடுமையை யார் கண்டுபிடித்தார்கள் என்பது முதல் கேள்வி. பாலேயிலிருந்து விலகிப் பிறந்த மாடர்ன் டான்ஸ் வெறுங்காலுக்கு மாறியது இதை எதிர்த்துத்தானா என்பது இரண்டாவது. பாலே வகுப்புக்குப் போகும் உங்கள் ஒன்பது வயது மகள் அதே ஷூவைக் கேட்கிறாள், வாங்கித் தரலாமா என்பது மூன்றாவது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது இந்த மூன்றாவதற்கான பதில்தான் என்று நினைக்கிறேன். இரண்டு நடனங்களையும் முறையாகக் கற்று, பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்துவருகிற அனுபவத்தில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தவளும் இல்லை. அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலேயின் வரலாற்றில் முதல் பாதிக்கு விரல் நுனி என்ற பேச்சே கிடையாது. இத்தாலிய அரண்மனை விருந்துகளில் பிறந்து பிரான்ஸுக்குப் போன கலை இது. அங்கே அதை வளர்த்தவர் 14-ம் லூயி மன்னர். 1653-ல் சூரியனாக வேடமிட்டுத் தானே ஆடினார், 1661-ல் நடனத்துக்கென்று ஓர் அகாதமியைத் தொடங்கினார். இன்றைக்கும் வகுப்பில் குழந்தைகள் முதலில் கற்கும் ஐந்து கால் நிலைகளை வகுத்தவர் அவருடைய நடன ஆசிரியர் பியர் போஷாம். அந்த மேடையில் ஆண்கள்தான் பிரதானம், காலில் குதிகால் உயர்ந்த ஷூ. பாரிஸ் ஓபராவில் தொழில்முறைப் பெண் கலைஞர்கள் மேடையேறியதே 1681-ல்தான். அப்புறமும் நூறு வருடத்துக்கு மேல் யாரும் விரல் நுனியில் நிற்கவில்லை. ஆகவே பெண்களை வதைக்கவே பிறந்த கலை என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிடலாம்.

விரல் நுனிக்கு வழி திறந்தவை இரண்டு. ஒன்று, பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய காலத்தில் குதிகால் போய், ரிப்பனால் கட்டும் மெல்லிய தட்டையான செருப்பு வந்தது. பாதம் வளையத் தொடங்கியது. இன்னொன்று மேடை இயந்திரம். ஷார்ல் திதலோ 1796-ல் லண்டனில் அரங்கேற்றிய ‘ஃப்ளோரும் செஃபீரும்’ என்ற பாலேயில் கலைஞர்களைக் கம்பியில் கட்டிப் பறக்கவிட்டார். கம்பி தூக்கும்போதும் இறக்கும்போதும் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும் நொடி ஒன்று வருமல்லவா, பார்வையாளர்கள் அதில் சொக்கிப்போனார்கள். கம்பியே இல்லாமல் அந்த நொடியை உடம்பால் செய்து காட்ட முடியுமா என்று கலைஞர்கள் முயன்றார்கள். இந்த வளர்ச்சியைப் படிப்படியாகக் காட்டும் சான்று குறைவுதான். ஆனால் 1810-களில் பாரிஸில் ஜெனவியேவ் கோசெலன், 1820-களில் இத்தாலியிலும் வியன்னாவிலும் அமாலியா புருக்னோலி என்று இதைச் செய்தவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. எல்லாப் புகழையும் பெற்றுக்கொண்ட மரீ தாலியோனி இவர்களுக்குப் பின்னால் வந்தவர். அவரே வியன்னாவில் புருக்னோலியைப் பார்த்ததாகவும், மேலே எழும்ப அவர் கைகளை வீசி மிகவும் சிரமப்பட்டதாகவும் எழுதிவைத்திருக்கிறார். ‘முதன்முதலில் விரல் நுனியில் ஆடியவர் தாலியோனி’ என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது தவறு.

தாலியோனி செய்தது வேறு. சர்க்கஸ் வித்தை போலிருந்ததற்கு ஒரு பொருள் கொடுத்தார். 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் அவருடைய தந்தை ஃபிலிப்போ அமைத்த ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியது. ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன் காற்றில் வாழும் ஒரு தேவதையிடம் மனதைப் பறிகொடுக்கும் கதை. மனிதப் பெண்ணுக்கும் தேவதைக்கும் உள்ள வித்தியாசத்தை நடனத்தில் எப்படிக் காட்டுவது? ஒருத்தி தரையில் நடக்கிறாள், மற்றவள் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறாள். விரல் நுனி அங்கேதான் கதைக்குத் தேவைப்பட்டது. ஓபராவில் ஏற்கெனவே எரிவாயு விளக்கு வந்துவிட்டது. அந்த மங்கலான வெளிச்சமும் வெள்ளை மஸ்லின் பாவாடையும் சேர்ந்து மாயத்தை முழுமையாக்கின. அவர் போட்டிருந்த ஷூவை இன்றைய ஷூ என்று கற்பனை செய்துவிடாதீர்கள். அது சாட்டின் துணியில் தைத்த மெல்லிய செருப்பு, அடியில் தோல், நுனியிலும் பக்கங்களிலும் ஊசி நூலால் அடர்த்தியாகப் போட்ட தையல். அவ்வளவுதான். மற்றதையெல்லாம் காலும் முதுகும் பார்த்துக்கொண்டன. அந்த வலு எப்படி வந்தது என்று கேட்டால் பதில் கொஞ்சம் கசக்கும். வியன்னா அரங்கேற்றத்துக்கு முன் தந்தை தினமும் ஆறு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். அதில் ஒரு பகுதி, ஒரே நிலையில் அசையாமல் நின்று நூறு வரை எண்ணுவது. கொடுமை என்று நீங்கள் சொன்னது இங்கே பொருந்தலாம். ஆனால் ஷூவில் இல்லை அது, பயிற்சியில் இருந்தது.

தாலியோனியின் ஷூவை ரஷ்ய ரசிகர்கள் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு அது பத்திரிகைக்காரர்களின் கைவண்ணமாகத்தான் தோன்றுகிறது.

அந்தக் காலத்துப் பாலேயில் உண்மையான அபாயம் வேறு இடத்தில் இருந்தது. தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையில் எரிவாயு விளக்கருகே போனபோது பாவாடையில் தீப்பிடித்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 20 வயதில் இறந்தார். துணியில் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனக் கலவையில் நனைக்கும் முறை அப்போதே இருந்தது. துணி விறைத்து அழுக்கு நிறமாகிவிடும் என்று அதைக் கலைஞர்கள் விரும்பவில்லை, லிவ்ரியும் மறுத்திருந்தார். அழகுக்காகக் கலைஞர்களே ஆபத்தை ஏற்றுக்கொண்டார்களா, அழகு என்ற பெயரில் அப்படி ஏற்க வைத்தார்களா? இரண்டும்தான் என்பேன். உங்கள் முதல் கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஷூவை விட லிவ்ரிதான் நினைவுக்கு வருகிறார்.

இன்று நாம் பார்க்கும் கெட்டியான ஷூ இத்தாலியிலிருந்து வந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் பள்ளியில் தேறிய பெண்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் ரஷ்யர்களை அசத்தினார்கள். அவர்களில் பியரீனா லென்யானி 1893-ல் ‘சிண்ட்ரெல்லா’விலும், 1895-ல் ‘ஸ்வான் லேக்’கிலும் ஒற்றைக்காலில் 32 சுற்றுகள் சுற்றினார். மெல்லிய செருப்பில் அது நடக்காத காரியம். நுனி தட்டையாகவும் கெட்டியாகவும் இருந்தால்தான் சுழல முடியும், சுழற்சி கூடக்கூட இன்னும் கெட்டியான ஷூ கேட்டார்கள். கலைஞர்களின் போட்டியும் செருப்புத் தைப்பவரின் கைவேலையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போயின. ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா இதில் ஒரு படி மேலே போனார். அவருடைய பாதம் மிக வளைந்தது, மெலிந்தது. நிற்க வசதியாக ஷூவின் அடியைத் தோல் வைத்துக் கெட்டிப்படுத்தி, நுனியை அகலமாக்கிக்கொண்டார். சிலர் அதை ஏமாற்று வேலை என்றார்கள். புகைப்படங்களில் அந்த நுனியைச் சுரண்டிக் கூராக்கிக் காட்டச் செய்தார் என்பதும் பரவலாகச் சொல்லப்படுவதுதான். இன்றைய பாயிண்ட் ஷூ ஏறக்குறைய அவர் காட்டிய வழியில்தான் இருக்கிறது.

பலர் நினைப்பது போல அதற்குள் மரக்கட்டை கிடையாது. துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடுதான் விரலைச் சுற்றியிருக்கிறது. அதை நாங்கள் பாக்ஸ் என்போம். பாதத்தின் அடியில் ஓடும் கெட்டிப் பட்டை ஷாங்க். நல்ல பொருத்தமான ஷூவில் எடை முழுவதும் விரல் நுனியில் இறங்காது. பாக்ஸ் விரல்களைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக் கொஞ்சம் தாங்கும், ஷாங்க் வளைவைத் தாங்கும், கெண்டைக்காலிலிருந்து வயிறு வரை உள்ள தசைகள் உடம்பை மேலே இழுத்துப் பிடிக்கும். மேலே இழுக்கத் தெரியாதவர் ஷூவுக்குள் உட்கார்ந்துவிடுவார். அப்போதுதான் நகம் கறுக்கும். வியர்வையில் பசை இளகிவிடுவதால் ஷூவின் ஆயுளும் குறைவு. பெரிய வேடம் ஏற்பவர் ஒரே இரவில் ஒரு ஜோடியை முடித்துவிடுவது சாதாரணம். புது ஷூ வந்ததும் அதைத் தரையில் அடிப்பார்கள், வளைப்பார்கள், நுனியில் தையல் போடுவார்கள், வழுக்காமல் இருக்க ரோசின் என்ற பிசின் பொடியில் தேய்ப்பார்கள். வலி இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருக்கிறது. கொப்புளம், நகம், கட்டைவிரல் மூட்டு எல்லாம் தொல்லை தரும். ஆனால் நீங்கள் பார்த்தது போன்ற வீடியோக்கள் இருப்பதிலேயே மோசமான காலைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகின்றன.

சரி, வெறுங்கால். இங்கே உங்கள் ஊகம் பாதி சரி. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த இசடோரா டங்கன் 1899-ல் ஐரோப்பாவுக்கு வந்து, கிரேக்கச் சிலைகள் போன்ற மெல்லிய ஆடையில் வெறுங்காலோடு ஆடினார். 1903-ல் பெர்லினில் ஆற்றிய உரையில், பாலேக்காரியின் பாவாடைக்கு அடியில் உருக்குலைந்த தசைகளும் அதற்கும் அடியில் உருக்குலைந்த எலும்புகளும் ஆடுகின்றன என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். நீங்கள் அந்த வீடியோவைப் பார்த்து நினைத்ததை அவர் அன்றே சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய புரட்சிக்கு வேர் ஷூ மட்டும் இல்லை. இடுப்பை இறுக்கும் கார்செட்டை எறியச் சொன்ன பெண்கள் ஆடைச் சீர்திருத்தம், அமெரிக்காவில் அன்று பெண்களிடையே பரவியிருந்த தெல்சார்த் உடற்பயிற்சி முறை, அவருக்குச் சற்று முன்பே 1892-ல் பாரிஸில் பட்டுத்துணியையும் மின்விளக்கையும் வைத்துப் பெரும் புகழ் பெற்ற லோயி ஃபுல்லர், எல்லாமே அதில் சேர்கின்றன. அசைவு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது டங்கனின் அடிப்படைக் கருத்து. அப்படித் தொடங்கும் ஆட்டத்துக்கு ஷூ இடைஞ்சல். பாலேயை இவ்வளவு திட்டியவர், பாவ்லோவா பயிற்சி செய்வதைப் பல மணி நேரம் பார்த்து வியந்ததையும் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர் நினைவுக்குறிப்புகளில் மிகைப்படுத்தல் அதிகம், இருந்தாலும் இதை நம்பத்தோன்றுகிறது.

டங்கன் 1904 கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே மிகைல் ஃபோகின் என்ற இளம் நடன அமைப்பாளர் பாலேயை உள்ளிருந்தே மாற்ற நினைத்துக்கொண்டிருந்தார். டங்கனைப் பார்த்துத்தான் அவர் மாறினார் என்று ஒரு கட்சி, அவருடைய திட்டம் அதற்கு முன்பே தயார் என்று இன்னொரு கட்சி. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் 1907-ல் பழைய ரோமாபுரியில் நடக்கும் ‘யூனிஸ்’ என்ற பாலேயை ஃபோகின் அமைத்தபோது நடந்தது சுவாரசியமானது. மன்னரின் அரங்கில் வெறுங்காலுக்கு அனுமதியில்லை. எனவே கலைஞர்களின் காலுறை மேல் விரல்களையும் நகங்களையும் வண்ணத்தால் வரைந்துவிட்டார்கள். அவ்வளவு புரட்சி செய்த அதே ஃபோகின் 1931-ல் நியூயார்க்கில் மாடர்ன் டான்ஸ் கலைஞர் மார்த்தா கிரஹாமின் உரைக்குப் போய், இதெல்லாம் இயற்கைக்கு விரோதமான அசைவு என்று வாக்குவாதம் செய்தார். கலையில் நேற்றைய கலகக்காரர் இன்றைய பழமைவாதி ஆவதற்கு இருபத்தைந்து வருடம்கூட வேண்டியதில்லை போலிருக்கிறது.

கிரஹாமுக்கு வரும்போதுதான் வெறுங்காலின் உண்மையான காரணம் துலங்குகிறது என்பது என் கருத்து. டங்கனிடம்கூட ஒரு மிதப்பு இருந்தது. ஜெர்மனியில் மேரி விக்மனும் அமெரிக்காவில் கிரஹாமும் டோரிஸ் ஹம்ஃப்ரியும் எடையை ஒளிக்காமல் காட்டினார்கள். விக்மன் தன் ‘சூனியக்காரி நடன’த்தில் முகமூடி அணிந்து தரையில் உட்கார்ந்தபடியே பாதத்தால் தரையை அறைகிறார். ஹம்ஃப்ரி, விழுவதற்கும் எழுவதற்கும் நடுவே இருப்பதுதான் நடனம் என்று ஒரு முறையையே கட்டினார். கிரஹாம் வயிற்றைச் சுருக்கி விரிக்கும் அசைவிலிருந்து ஒரு முழு மொழியை உருவாக்கினார். அவருடைய வகுப்பு தரையில் உட்கார்ந்துதான் தொடங்கும். பாலே தரையை மறக்கச் சொன்னது, இவர்கள் தரையோடு பேசினார்கள். வலிக்கிறது என்பதற்காக ஷூவைக் கழற்றியவர்கள் இல்லை இவர்கள். வெறுங்கால் மென்மையான மாற்று என்றும் நினைக்க வேண்டாம். உள்ளங்காலில் தோல் வெடித்துப் பிளக்கும், வெடிப்பில் டேப் ஒட்டிக்கொண்டு ஆடியிருக்கிறேன். திருப்பும்போது தரை தோலை உரிக்கும். பாயிண்ட் ஷூ கொப்புளத்தோடு ஒப்பிட்டால் எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அரைமண்டியில் உட்கார்ந்து வெறுங்காலால் தட்டி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதிலெல்லாம் என்ன புரட்சி என்று தோன்றும். எனக்கும் முதல் கிரஹாம் வகுப்பில் அப்படித்தான் தோன்றியது. இடையில் ஒரு தொடர்பும் உண்டு. ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலே. பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று தூண்டியவர் பாவ்லோவா. 1935-ல் அடையாறில் பரதநாட்டியம் ஆடிய ருக்மிணி தேவியின் மேடை ஒளியமைப்பிலும் பிறகு அவர் அமைத்த நாட்டிய நாடகங்களிலும் அந்தப் பழைய பாடம் தெரிகிறது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் உடன்பாடுதான். அதற்காகப் பரதநாட்டியத்தைப் பாலே மீட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஏற்கெனவே தேவதாசி மரபுப் பெண்களின் காலிலும் நட்டுவனார்களின் தட்டுக்கழியிலும் உயிரோடு இருந்தது.

அப்புறம் பாலே ஒரு பக்கம், மாடர்ன் ஒரு பக்கம் என்று எதிரெதிர் முகாம்களாகவே நின்றுவிடவில்லை. பிரோனிஸ்லவா நிஜின்ஸ்கா 1923-ல் ‘லே நோஸ்’ என்ற கல்யாணப் பாலேயில் பாயிண்ட் ஷூவையே மாடர்ன் ஆக்கினார். அங்கே அது மிதப்பதற்கு இல்லை, பைசாந்தியச் சித்திரங்களின் புனிதர்கள் போல உடம்பை நீட்டிக்காட்டவும் தரையைக் குத்தவும்தான். 1959-ல் நியூயார்க் சிட்டி பாலேயில் பாலே அமைப்பாளர் பாலன்சீனும் கிரஹாமும் ‘எபிசோட்ஸ்’ என்ற நிகழ்ச்சியை ஆளுக்குப் பாதியாக அமைத்தார்கள். கிரஹாமின் குழுவில் ஆடிய மெர்ஸ் கனிங்ஹாம் வெறுங்காலை விடவில்லை, ஆனால் கால் வேலையில் பாலேயின் துல்லியத்தைக் கொண்டுவந்தார். 1960-களில் நியூயார்க்கின் ஜட்ஸன் தேவாலயத்தில் கூடிய இளைஞர்கள் வெறுங்காலையும் விட்டுவிட்டுத் தெருவில் போடும் கேன்வாஸ் ஷூவில் சாதாரணமாக நடந்தார்கள், அதையே நடனம் என்றார்கள். எனக்குப் பிடித்தது ட்வைலா தார்ப் 1986-ல் அமைத்த ‘இன் தி அப்பர் ரூம்’. ஒரே மேடையில் சிலர் பாயிண்ட் ஷூவில், சிலர் ஸ்னீக்கரில், புகைமூட்டத்துக்கு நடுவே ஏறக்குறைய நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் ஆடுவார்கள். நேரம் கிடைத்தால் தேடிப்பாருங்கள்.

பாயிண்ட் ஷூ பெண்களுக்கு மட்டும் ஏன் என்றும் உங்களுக்குத் தோன்றலாம். தேவதை வேடங்கள் பெண்களுக்கு எழுதப்பட்டன, அந்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். உடற்கூறில் அதற்குக் காரணம் கிடையாது. ஜார்ஜியா நாட்டு ஆண்கள் நாட்டுப்புற நடனத்தில் மெல்லிய தோல் பூட்ஸ் மட்டும் போட்டு, மடக்கிய விரல்களின் மேலேயே நிற்கிறார்கள், பாக்ஸும் இல்லை ஒன்றும் இல்லை. 1974-ல் தொடங்கிய ட்ராகடேரோ குழுவின் ஆண்கள் பாயிண்ட் ஷூவிலேயே முழு நிகழ்ச்சி ஆடுகிறார்கள். அதே போல ஷூ இளஞ்சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் வெள்ளைத் தோலை நினைத்து வந்த வழக்கம். கறுப்பினக் கலைஞர்கள் பல பத்தாண்டுகள் முகப்பூச்சை எடுத்து ஷூவில் பூசிக்கொண்டிருந்தார்கள். லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் ஷூ கொண்டுவந்தது 2018-ல்தான்.

இனி உங்கள் மகள். ஒன்பது வயதில் வேண்டாம். பாத எலும்புகள் முற்ற இன்னும் பல வருடம் இருக்கிறது. நடன மருத்துவத் துறையின் வழிகாட்டுதல் 12 வயதுக்கு முன் கூடாது என்கிறது. அந்த வயதும் ஒரு கீழ் எல்லைதான். சில வருடம் ஒழுங்கான பயிற்சி, கணுக்காலிலும் இடுப்பிலும் வலு, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கித் தள்ளாடாமல் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் திறன், இவை இருந்தால்தான் ஆசிரியர் யோசிக்கவே தொடங்குவார். வாரத்துக்கு ஒரே வகுப்பு போகும் குழந்தைக்குப் பதினான்கு வயதிலும் நான் கொடுக்கமாட்டேன். அவளுடைய ஆசிரியர் ஒன்பது வயதில் வாங்கச் சொன்னால் ஆசிரியரை மாற்றுங்கள். பாதத்தில் ஏற்கெனவே வலியோ பழைய அடியோ இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள், அதில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. நேரம் வரும்போதும் ஆன்லைனில் அளவு பார்த்து வாங்காதீர்கள். பாதத்தின் அகலம், விரல்களின் நீளம், வளைவு எல்லாம் பார்த்து, ஆசிரியர் கூட இருந்து போட்டுப்பார்த்து வாங்க வேண்டிய பொருள் அது. அடுத்த எண் பெரிதாக வாங்கினால் வளர்ந்ததும் உதவும் என்ற நம் வீட்டு வழக்கம் இதில் கணுக்காலை உடைக்கும். அதுவரை மெல்லிய துணிச் செருப்பு போதும், தாலியோனி போட்டதும் ஏறக்குறைய அதுதான் என்று அவளிடம் சொல்லிப்பாருங்கள்.